மலை ஏறும்போது வண்டி சூடாகிறது, உடனே உதவி தேவை

லோடு_காரவள்ளி:
வணக்கம். வண்டி மலை ஏறும்போது சூடாகிறது. சூட்டு மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் அதன் பக்கத்து பாட்டில் வழியாகக் கொட்டுகிறது. கீழே ஓட்டினால் ஒன்றும் இல்லை. வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று. நாளை லோடு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

டீசல்மூக்கன்:
என்ன வண்டி? எந்த வருஷம்? எந்த மலை? எவ்வளவு லோடு?

கிரீஸ்கை:
ஹெட் கேஸ்கட், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு, போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஹெட்டைக் கழற்றி முகம் மட்டமாக இருக்கிறதா என்று ஃபேஸிங் பார்த்துவிடுங்கள்.

மூத்தமெக்:
வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'சூடாகிறது' என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? இதே கேள்விக்கு இங்கே பத்துத் தடவையாவது பதில் எழுதியிருக்கிறேன். யாரும் தேடிப் படிப்பதில்லை.

லோடு_காரவள்ளி:
மன்னிக்கவும் அண்ணா. டாடா 207 டிஐ, 2007 மாடல். காரவள்ளியிலிருந்து செம்மேடு, கொல்லிமலை. 25 மூட்டை சிமெண்ட். நாற்பதாவது வளைவு வாக்கில் முள் ஏற ஆரம்பிக்கும்.

டீசல்மூக்கன்:
70 கொண்டை ஊசி வளைவு, ஒன்றேகால் டன், முக்கால்வாசி இரண்டாவது கியர். வேகம் இல்லாததால் காற்று ஃபேனை நம்பித்தான் உள்ளே வர வேண்டும். உங்களுடையது விஸ்கஸ் ஃபேனா, அதாவது சூடானால் இறுகிச் சுற்றும் கிளட்ச் வைத்ததா? சூடாக இருக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் காற்றாடி மாதிரி ஓடினால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. அப்புறம், தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, வேலை செய்கிறதா?

லோடு_காரவள்ளி:
தெர்மோஸ்டாட் இல்லை. முன்பே எடுத்துவிட்டோம்.

மூத்தமெக்:
அதானே பார்த்தேன்.

ராசிபுரத்தான்:
அதில் என்ன தப்பு? நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? 20 வருஷமாக எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

மூத்தமெக்:
அது 82 டிகிரியில் திறப்பதற்கென்று வைத்தது, அழகுக்கு வைத்ததில்லை. அது இல்லாமல் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் லைனர் தேயும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும். சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சந்தேகம் இருந்தால் புதிது ஒன்றை வாங்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறப்பது கண்ணுக்குத் தெரியும்.

ராசிபுரத்தான்:
தண்ணீரில் போட்டுப் பார்த்ததெல்லாம் போதும். என் வண்டி 4 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, உங்களுடையது எவ்வளவு?

கிரீஸ்கை:
கேஸ்கட்டைப் பாருங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

சும்மாவந்தேன்:
கூலன்ட் ஊற்றுகிறீர்களா, போர் தண்ணீரா? போர் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் குழாயெல்லாம் உப்பு அடைத்திருக்கும். எங்கள் வீட்டு ஹீட்டரே அப்படித்தான் போனது.

டீசல்மூக்கன்:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். @லோடு_காரவள்ளி, காலையில் வண்டி ஆறிய பிறகு மூன்று விஷயம் பாருங்கள். பாட்டிலில் தண்ணீர் நிறைந்திருக்க, ரேடியேட்டரில் குறைந்திருக்கிறதா? மேல் ஹோஸ் கல் மாதிரி இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா? ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறதா? சூட்டில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

லோடு_காரவள்ளி:
பார்த்தேன். பாட்டில் நிறைய இருக்கிறது, ரேடியேட்டரில் ஒரு லிட்டர் பிடித்தது. ஹோஸ் மெத்தென்று இருக்கிறது. குமிழி இல்லை. கூலன்ட் இல்லை, போர் தண்ணீர்தான். மூடி தீபாவளி சமயத்தில் மலையிலேயே விழுந்துவிட்டது, ஷெட்டில் கிடந்த ஒன்றைப் போட்டுக்கொண்டோம். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

டீசல்மூக்கன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

டீசல்மூக்கன்:
மூடியின் மேல் 0.9, 1.1 என்று ஏதாவது எண் இருக்கும். அது அழுத்தம், பார் கணக்கு. 0.9 பிடித்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் உட்காராவிட்டால் 100லேயே கொதிக்கும், செம்மேட்டு உயரத்தில் அதற்கும் 3, 4 டிகிரி முன்னாலேயே. கொதித்தது பாட்டிலுக்குப் போகிறது. ஆறும்போது அதைத் திரும்ப இழுக்க வேண்டியதும் மூடிதான். கழுத்தில் சரியாக உட்காராததால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது. கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் குமிழி வந்திருக்கும், காலையிலும் ஹோஸ் விறைப்பாகவே நிற்கும். 207க்கு உரிய மூடியை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

கிரீஸ்கை:
குமிழி எல்லா நேரமும் வராது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேஸ்கட்தான்.

மூத்தமெக்:
மூடி மாற்றினாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவது தப்பு. கூலன்ட் பாதி, நல்ல தண்ணீர் பாதி ஊற்றவும்.

சும்மாவந்தேன்:
என்ன ஆயிற்று நண்பரே? நாலு நாளாக ஆளையே காணோம்.

லோடு_காரவள்ளி:
லோடுக்குப் போயிருந்தேன். மூடி மாற்றினேன், 160 ரூபாய். மூன்று தடவை ஏறிவிட்டேன், முள் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் போகிறது. கூலன்ட் அடுத்த வாரம். தெர்மோஸ்டாட் போடவில்லை. நன்றி.

ராசிபுரத்தான்:
தெர்மோஸ்டாட் போடவில்லையாம். @மூத்தமெக் அண்ணன் கவனிக்கவும்.