தண்டுவடத்தில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்பவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேராவூரணியிலிருந்து:

என் வீட்டுக்காரர் தென்னை மரம் ஏறுபவர். காய் பறிக்கும்போது வழுக்கி விழுந்தார். தோப்பில் இருந்தவர்கள் பதறிப்போய் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் முதுகெலும்பு உடைந்தவரை மடக்கித் தூக்கினால் உள்ளே தண்டுவடம் இன்னும் நசுங்கலாம். 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருக்கணும். தூக்கியே ஆகணும் என்றால் தலை, தோள், இடுப்பு, கால் என நாலு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் கிடத்தணும். மரம் ஏறும் ஊர்களில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கணும்.

எல்1 என்ற இடுப்புப் பக்கத்து முதல் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது படுக்கைப் புண் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. வால் எலும்புக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுக்கவே இல்லை. அப்படி வெளுக்காத சிவப்பு என்றால் புண் தொடங்கிவிட்டது என்று வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா சொன்னார். சில நாளில் தோல் கறுத்து உரிந்து குழியாகிவிட்டது. அவருக்கு வலியே தெரியல. அதைத்தான் என்னால் தாங்க முடியல.

புட்டத்துக்கு அடியில் வைக்கக் காற்று வளையம் வாங்கச் சொல்வார்கள், வாங்காதீங்க. அதன் விளிம்பு அழுத்தி, நடுவில் இருக்கும் சதைக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். வாட்டர் பெட் இருந்தாலும் ராத்திரியிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டித்தான் ஆகணும்.

தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்:

எங்க வீட்டில் பைக் விபத்து, கழுத்தில் சி6 என்ற ஆறாவது எலும்பில் அடி. ஒருநாள் தம்பி தலை வெடிக்குதுன்னான். முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. எப்பவும் 100-ஐ ஒட்டி இருக்கும் பிரஷர் 190. உடனே உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்திவிட்டு யூரின் ட்யூபைப் பார்த்தால், தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கு! நேராக்கியதும் பை மடமடவென்று நிறைந்தது, பிரஷரும் இறங்கியது. டி6 என்ற நெஞ்சுப் பக்கத்து ஆறாவது முதுகெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீரோ மலமோ கட்டினால் இப்படி ஆகும். வெறும் தலைவலி என்று மாத்திரை கொடுத்துவிட்டு இருந்துவிடாதீங்க, பக்கவாதம் வரை கொண்டுபோகும். ட்யூப் சரியாக இருந்தும் இறங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரி.

வீல்சேரில் இருப்பவன்:

பேராவூரணி அக்கா, மாமாவை ஒரு மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப் போங்க. நான் போனது வேலூர் சிஎம்சியின் மையம், 1966-இல் தொடங்கியது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸே 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தவர். அதற்குப் பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தவர். நானே யூரின் ட்யூப் போட்டு எடுக்கவும், கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் புட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நீங்களும் கூடவே தங்குங்க, பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்தே சொல்லித்தருவார்கள். ஆபரேஷன் ஃபைல், ஸ்கேன் படம் எல்லாம் எடுத்துக்கோங்க. புண் ஆறட்டும்னு காத்திருக்காதீங்க, அதையும் அங்கேயே பார்ப்பாங்க.