கன்னடம் படிக்கும் பிள்ளைகளின் தமிழ் எழுத்து: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுதச் சொல்லித் தருகிறேன். எல்லோரும் பள்ளியில் கன்னடம் படிப்பவர்கள். அதனால் ண, ள இரண்டும் அவர்களுக்குப் பழகியவை. ஆனால் இன்றைய கன்னட எழுத்தில் ழ, ற இல்லை, ந-வுக்கும் ன-வுக்கும் ஒரே எழுத்துதான். மழை ‘மளை’ ஆகிறது, பறவை ‘பரவை’ ஆகிறது, நாய் ‘னாய்’ ஆகிறது.

சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ர, ற-தான் இழுக்கிறது. சொல்லின் முதலில் ற வராது என்பது சரி, நடுவில் வரும்போது என்ன செய்வது?

அப்புறம், பெரியவர்கள் எழுதி ஒட்டும் அறிவிப்புகள். ‘சுவற்றில் எழுதாதீர்கள்’ என்கிறார்கள். கிணறுதான் கிணற்றில் ஆகும், சுவர் சுவரில் என்றுதானே வரும்? ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று இன்னொன்று. ஒவ்வொரு மாணவரும் என்று எழுதினால் போதும். பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்து அப்படியே எழுதுவதுதான் எனக்கு வருத்தம்.

ர, ற, ழ, ள வேறுபாட்டுக்குப் பயிற்சித் தாள்களோ சொல் விளையாட்டுகளோ உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருக்கட்டும். பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது இருந்தால், ஒரு ஞாயிறு வந்து உச்சரித்துக் காட்டினாலே பெரிய உதவி.