ஹெச்ஐவி என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் முகம் மாறிய அனுபவம் உண்டா? மும்பைப் பெண்கள் எழுதுங்கள்

சயான்காரி
பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன், தனியார் நர்சிங் ஹோம், பணம் கட்டி முந்தின ராத்திரியே அட்மிட் ஆகிவிட்டேன். பல வருஷமாக மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது, டாக்டரிடம் நானே சொல்லி ரிப்போர்ட்டும் காட்டியிருந்தேன். காலையில் பி.பி. பார்க்க வந்த சிஸ்டர் கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டார். அதைக்கூட விடுங்கள். கட்டில் கால்மாட்டில் தொங்குகிற ஃபைலில் சிவப்பு மார்க்கரால் ஹெச்ஐவி என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்க வந்தவர் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இரண்டு வீடு தள்ளி இருப்பவர். ஃபைலைப் படித்தார், என்னைப் பார்த்தார், என் கட்டில் ஓரத்தில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி என்னை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அதே தியேட்டரில் அன்றைக்கு மற்றவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷனை முடித்துக்கொண்டேன், அது வேறு கதை. ஆனால் அந்தப் பை மடிக்குப் போனது மட்டும் இன்னும் மனசை அறுக்கிறது.

மாதுங்கா வீட்டுவேலை
அக்கா, டாக்டரிடம் ஏன் சொன்னீர்கள்? நான் யாரிடமும் சொல்வதில்லை. மாதா மாதம் ஹெச்ஐவி மாத்திரை தருகிற ஏஆர்டி சென்டருக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டால், எந்த வியாதிக்கு மாசம் தவறாமல் ஆஸ்பத்திரி என்று வேலை பார்க்கிற வீட்டம்மா கேட்பார். சுகர் என்றேன். சரி, ரிப்போர்ட் கொண்டு வா, எங்கள் டாக்டரிடம் காட்டலாம் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த மாதம் சென்டருக்கே போகவில்லை, மாத்திரை விட்டுப்போனது. இப்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், மூச்சு விட முடிகிறது. லோக்கல் ரயிலில் டப்பா கலகலவென்று சத்தம் போடும் என்று மாத்திரையைப் பவுடர் டப்பாவில் கொட்டி மேலே பஞ்சு வைத்துக் கொண்டுபோவேன்.

கள ஊழியர் செல்வம்
தங்கச்சி, பவுடர் டப்பாவில் கொட்டாதீர்கள். ஈரம் பட்டால் மாத்திரை கெடும், அதற்குத்தான் டப்பாவுக்குள்ளேயே சின்னப் பொட்டலம் போட்டிருக்கிறார்கள். லேபிளை உரித்துவிட்டு அதே டப்பாவில் பஞ்சு வையுங்கள். டாக்டரிடம் மறைப்பதும் சரியில்லை. வயிற்று வலி என்று போனால் அசிடிட்டிக்குக் குடிக்கிற மருந்து கொடுப்பார்கள், அது நம் மாத்திரையில் இருக்கிற டோலுடெக்ராவிரை உடம்பில் சேர விடாது. அந்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோதான் மாத்திரை போட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடைவெளி விட வேண்டும், சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சயான்காரி அக்காவுக்கு நடந்தது சட்டத்துக்கு விரோதம். 2017இல் வந்த ஹெச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. இந்தக் காரணத்தால் சிகிச்சை மறுக்கக்கூடாது, சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக்கூடாது, ஊரறிய எழுதிப் போடக்கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஆஸ்பத்திரியில் புகார் அதிகாரி இருக்க வேண்டும், அதற்கு மேலே மாநில அளவில் புகாரை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மன். 1097க்கு இலவசமாகப் பேசலாம். என் கதை சின்னது. என் தங்கையைப் பிரசவத்துக்கு இரண்டு இடத்தில் சேர்க்கவில்லை, மூன்றாவது இடத்தில் சேர்த்தார்கள். குழந்தைக்குப் பதினெட்டாம் மாத டெஸ்டில் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

நான்கு பிள்ளைக்காரி
அண்ணா, சட்டம் எல்லாம் சரி. புகார் கொடுக்க யார் பெயரை எழுதுவது? ஆஸ்பத்திரிக்காரன் பதில் சொல்வதற்குள் எங்கள் கல்லி (சந்து) முழுக்கத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரரிடமிருந்து எனக்கு வந்தது, அவர் போய்ச் சேர்ந்தார், மாமியார் என்னைத்தான் சொல்கிறார். அதையும் தாங்கிக்கொள்ளலாம். எனக்கு இந்தியும் மராத்தியும் அரைகுறை. சென்டரில் கவுன்சிலர் சொல்வது புரியவில்லை, மராத்தி மீடியத்தில் படிக்கிற மூத்த மகளைக் கூட்டிப் போனேன், அவளுக்குப் பன்னிரண்டு வயசு. உறுப்பில் புண் இருக்கிறதா, யாரோடாவது உறவு இருக்கிறதா, ஆணுறை போடுகிறார்களா என்று கவுன்சிலர் அவளைப் பார்த்துக் கேட்கிறார். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேஜையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அம்மா உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க என்று மட்டும் சொன்னாள். அந்தக் கேள்வியெல்லாம் எனக்குப் புரியாதா? சிலது எந்த மொழியில் கேட்டாலும் புரிகிறது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை, உடம்பு தேய்ந்து காசநோய் வந்து படுத்த பிறகுதான் மறுபடி போனேன். தாராவி, சயான் கோலிவாடாவில் இத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைச் சென்டரில் உட்கார வைத்தால் என்ன? புகார் எழுத வேண்டுமென்றால் இதை எழுதுங்கள் அண்ணா.

கள ஊழியர் செல்வம்
எழுதுகிறேன் அக்கா. கோர்ட் வரை போனால் பெயரை மறைத்து வேறு பெயரில் வழக்கு நடத்த அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சயான்காரி
நான்கு பிள்ளைக்காரி, அடுத்த முறை போகும்போது மகளைக் கூட்டிப் போகாதீர்கள், நான் வருகிறேன். எனக்கு மராத்தி நன்றாகவே வரும்.

நெல்லைக்குப் போகிறவள்
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறேன், அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, எப்போது திரும்புவேன் என்று தெரியாது. மாத்திரை தீர்ந்தால் அங்கே தருவார்களா?

மாதுங்கா வீட்டுவேலை
தருவார்கள். சென்டரில் கொடுத்த பச்சைப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். திருநெல்வேலி மெடிக்கல் காலேஜிலும் ஏஆர்டி சென்டர் இருக்கிறது, வெளியூரிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னால் கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார்கள். அங்கேயே தங்குவதாக இருந்தால் இங்கே டிரான்ஸ்ஃபர் லெட்டர் வாங்கிக்கொண்டு போங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள், கடைசி நாள் வரை வைத்துக்கொள்ள வேண்டாம்.