பழைய மின்சாரக் காடி எடுக்கலாமா? புக்கிட் மெர்தாஜாம் – பாயான் லெப்பாஸ் தினசரி ஓட்டத்துக்கு

பிஎம்_செல்வா:
எல்லாருக்கும் வணக்கம். வீடு பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தரைவீடு, வாசலில் ஒரு காடி (கார்) நிற்க இடம் இருக்கிறது. வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். போக 34, வர 34 கிலோமீட்டர், மாதம் 22 நாள், தீவுக்குப் போகும் பழைய பாலம் வழியாக. இப்போது ஓட்டுவது 2016 மைவி 1.5 பெட்ரோல் காடி. கடன் முடிந்துவிட்டது, ஆனால் கியர்பாக்ஸ் சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது.

இரண்டு காடி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2023 கடைசியில் பதிவான பிஒய்டி டால்பின், சின்ன பேட்டரி ரகம் (44.9 யூனிட்), 51,000 கிமீ ஓடியது, 66,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். இன்னொன்று 2019 நிசான் லீஃப், 40 யூனிட் பேட்டரி, 88,000 கிமீ, 41,000 வெள்ளி. லீஃப் இங்கே புதிதாக வந்தபோது 188,888 வெள்ளி, அது 41,000க்குக் கிடைக்கிறது என்றால் மனம் அங்கேதான் போகிறது. மனைவிக்கு டால்பின் பிடித்திருக்கிறது. மச்சான் இரண்டும் வேண்டாம், புது புரோட்டோன் இ.மாஸ் 5 எடு என்கிறார். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை_மணியம்:
தம்பி செல்வா, காடியைப் பார்க்கும் முன் கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கு மாதம் 1,500 கிமீ. மைவி லிட்டருக்கு 15 ஓடுகிறது என்று வைத்தால் 100 லிட்டர். அரசு மானியத்தில் கிடைக்கும் பூடி95 பெட்ரோல் விலை 1.99 வெள்ளி, ஆக 199 வெள்ளி. டால்பின் 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் தின்னும், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் 230 யூனிட். 2025 ஜூலையில் வந்த கட்டணத்தில் எல்லாக் கூறும் சேர்த்து யூனிட் 44.43 சென், அதாவது 102 வெள்ளி. மிச்சம் 97 வெள்ளி.

இந்த 97 வெள்ளிக்காக 66,000 வெள்ளி கடன் வாங்குவீர்களா? மைவியின் கியர்பாக்ஸைப் பிரித்துச் செய்தால் சில ஆயிரத்தில் முடியும், அந்தக் காடி இன்னும் ஐந்து வருஷம் ஓடும். பாலத்து டோல் 5.74 வெள்ளி எந்தக் காடியில் போனாலும் 5.74தான். ரோட் டேக்ஸ் இலவசம் என்ற காலமும் போய்விட்டது, 2026 ஜனவரியிலிருந்து மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வசூலிக்கிறார்கள். 20 வெள்ளியில் தொடங்குவது குறைவுதான், ஆனால் அதற்காக யாரும் காடி மாற்ற மாட்டார்கள்.

பத்துகாவான்_டால்பின்:
மணியம் அண்ணே, நான் இதே டால்பினைப் பழையதாக எடுத்து 14 மாதம் ஆகிறது. லிட்டருக்கு 15 என்பது மாத சராசரியாக எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. காலை ஏழரைக்குப் பிறையிலிருந்து பாலத்தின் நடுப்பகுதி வரை ஊர்ந்து போகும் நெரிசலில் என் பழைய பெட்ரோல் காடி 12ஐத் தாண்டாது. மின்சாரக் காடி நின்றால் இயந்திரமும் நின்றுவிடும், ஏர்கான் மட்டும்தான் ஓடும். ஒரு மணி நேரம் முழுக்க நின்றாலும் ஒரு யூனிட் அளவில்தான் போகிறது, அதாவது ஏழு கிமீ ஓட்டம். எஞ்சின் ஆயில், பிளக், பெல்ட் எதுவும் இல்லை. பிரேக் பேட் 60,000 கிமீயிலும் பாதிக்கு மேல் இருக்கிறது, பெடலிலிருந்து காலை எடுத்தாலே மோட்டாரே காடியை இழுத்துப் பிடிக்கிறதே.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன், இது அண்ணனுக்குத்தான் சாதகம். கரண்டு பில்லில் 102 வெள்ளி மட்டும் கூடவில்லை. எங்கள் வீடு முன்பு மாதம் 450 யூனிட், இப்போது 680. 600ஐத் தாண்டியதும் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேர்ந்துவிட்டது, கொஞ்சமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத் தள்ளுபடியும் சுருங்கிவிட்டது. பில்லில் கூடியது 140க்குப் பக்கத்தில்.

பிறை_மணியம்:
பார்த்தீர்களா! அப்போது மிச்சம் 97 இல்லை, 60கூட இல்லை.

பத்துகாவான்_டால்பின்:
12 ஓடும் மைவிக்கு 125 லிட்டர், 249 வெள்ளி. அதில் 140 கழித்தால் 109. நீங்கள் மைவிக்கு நல்ல நாளையும் டால்பினுக்குக் கெட்ட நாளையும் எடுத்துக்கொள்கிறீர்கள், அது நியாயம் இல்லை அண்ணே.

ரெலாவ்_அடுக்குமாடி:
செல்வா அண்ணே, லீஃப் பக்கம் போகாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தது பழைய லீஃப், 24 யூனிட் ரகம். மீட்டரின் வலது ஓரத்தில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட 12 சின்னக் கட்டங்கள் இருக்கும். வாங்கிய அன்று 12ம் முழுசாக நின்றன, விற்றவர் விரல் வைத்துக் காட்டினார், "புதுக் காடி மாதிரி" என்றார். நான்காவது வாரம் ஒரு கட்டம் போனது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போய் மூன்றாவது மாதம் 8 கட்டம். முதல் கட்டம் போனாலே சுமார் 15 சதவீதம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தடுத்த கட்டம் ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்கு மேல். பிறகுதான் தெரிந்தது, பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியில் பழைய கணக்கை அழித்துவிட்டால் 12 கட்டமும் திரும்ப எரியும், ஓட ஓடத்தான் உண்மை வெளியே வரும். ரெலாவிலிருந்து பட்டர்வொர்த் போய்த் திரும்பும்போது ஏர்கானை அணைத்துவிட்டு, வேர்த்து ஊற்ற, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாலத்தின் மேல் வந்த அந்த மாலையை நான் மறக்கவே மாட்டேன்.

லீஃப் பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை, காற்றுதான். நம் ஊர் வெயிலில் பகல் முழுக்கத் திறந்தவெளியில் நிறுத்தினால் தேய்மானம் வேகமாகத்தான் இருக்கும். வேகச் சார்ஜுக்கு அதில் சாடெமோ பிளக். இப்போது புதிதாக வைக்கிற நிலையங்களில் பெரும்பாலும் சிசிஎஸ்2 என்ற வேறு வகைப் பிளக்தான் பார்க்கிறேன், அது லீஃபில் பொருந்தாது.

இன்னொன்று, நான் அடுக்குமாடியில் இருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் பிளக் போட நிர்வாகம் விடவில்லை. வெளியே வேகச் சார்ஜில் யூனிட் 1.20 வெள்ளி என்று வைத்தாலும் செல்வா அண்ணன் ஓட்டும் தூரத்துக்கு 250 வெள்ளி ஆகும், பெட்ரோலையே எட்டிவிடும். ஆகவே மின்சாரக் காடி என்றாலே மிச்சம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

சுங்கை_பாக்காப்_டீச்சர்:
தம்பி ரெலாவ், நீங்கள் பட்ட கஷ்டம் உண்மை, படிக்கவே வருத்தமாக இருந்தது. ஆனால் அது வீட்டில் பிளக் இல்லாத கஷ்டமும் ஏமாற்றி விற்றவரின் குற்றமும். செல்வாவிடம் வாசலும் பிளக்கும் இருக்கிறது, அவர் நிலைமை வேறு. பணத்தை மட்டும் எல்லாரும் பேசுகிறீர்கள். நான் தினம் காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போகிறவள். இரவு பிளக்கைச் செருகுகிறேன், காலையில் நிறைந்திருக்கிறது. எண்ணெய் நிலையத்தில் வரிசையில் நின்று பத்து மாதம் ஆகிறது. இந்த நிம்மதிக்கு மணியம் அண்ணன் கணக்கில் எந்த இடமும் இல்லை.

பிறை_மணியம்:
டீச்சர், நிம்மதியை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் தவணை மாதாமாதம் வரும்போது அந்த நிம்மதி எங்கே போகும்? இன்னொன்றையும் யாரும் பேசவில்லை, விலை வீழ்ச்சி. டால்பின் 2023 ஜூலையில் 99,900க்கு வந்தது, இரண்டரை வருஷத்தில் 66,000. 2025 அக்டோபரில் புது இ.மாஸ் 5 59,800க்கு வந்துவிட்டது, பெரிய பேட்டரி ரகமே 72,800. புதுக் காடி அந்த விலையில் நிற்கும்போது பழைய டால்பினை மூன்று வருஷம் கழித்து யார் என்ன விலைக்கு எடுப்பார்? செல்வாவின் மச்சான் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

பத்துகாவான்_டால்பின்:
விழவேண்டியதில் பெரும்பகுதி முதல் ஆள் கையிலேயே விழுந்துவிட்டது, அதனால்தான் பழையதை எடுக்கச் சொல்கிறேன். இ.மாஸ் 5 நல்ல காடிதான், ஆனால் 59,800 ரகத்தின் பேட்டரி 30 யூனிட்தான், டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகக் கணக்கிலேயே 225 கிமீ. டால்பின் சின்ன ரகம் அதே டபிள்யூஎல்டிபி கணக்கில் 340. செல்வாவுக்குத் தினம் 68 கிமீ என்றால் இரண்டுமே போதும், சரி. ஆனால் தைப்பூசத்துக்கு ஈப்போ, தீபாவளிக்குக் கோலாலம்பூர் என்று கிளம்பினால் அந்த வித்தியாசம் நெடுஞ்சாலையில் தெரியும். பின் இருக்கையில் பெரியவர்கள் கால் நீட்டி உட்காரும் இடமும் டால்பினில் தாராளம்.

டால்பின் பேட்டரியும் லீஃப் மாதிரி இல்லை, வேறு வகை, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள், அப்போதுதான் மீட்டர் சரியான கணக்குக் காட்டும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 160,000 கிமீ உத்தரவாதம், அந்தக் காடிக்கு 2031 கடைசி வரை. ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் இடைவெளி இருந்தால் பிரச்சினை வரும், அதனால் காசு கட்டும் முன் காடி எண்ணைச் சர்வீஸ் மையத்தில் கொடுத்து, உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்குத் தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒயர்மேன்_ஜூரு:
நான் காடி விற்கிறவன் இல்லை, பதிவு பெற்ற ஒயர்மேன். வீட்டுப் பிளக் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

காடியோடு வரும் சின்னச் சார்ஜரைச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகுகிறார்கள். அது எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும், இரண்டு கிலோவாட் சொச்சம். செல்வா போன்றவருக்குத் தினம் ஐந்து மணி நேரம் ஏற்றினால் போதும். போன மாதம் ஒரு தாமானில் பார்த்தேன், இருபது வருஷத்துப் பிளக், வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் டீத்தூள் நிறத்துக்கு மாறி, கரண்டு வரும் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகி இருந்தது. கை வைத்தால் சூடு. அதே வயரில் வாட்டர் ஹீட்டரும் ஓடுகிறது. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். தயவுசெய்து பேட்டரியை மட்டும் சோதிக்காதீர்கள், வீட்டையும் சோதியுங்கள். டிபி பெட்டியிலிருந்து (வீட்டுக்குக் கரண்டு பிரிக்கும் பெட்டி) காடிக்கென்றே தனி வயர், தனி எம்சிபி (அதிகம் இழுத்தால் துண்டிக்கும் சுவிட்ச்), மின்சாரக் காடிக்குத் தகுந்த ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). எக்ஸ்டென்ஷன் வயர் அறவே கூடாது. 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் போட்டால் 32 ஆம்பியர் தனியாக இழுக்கும், வீட்டில் இரண்டு ஏர்கான், ஹீட்டர் இருந்தால் மெயின் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும்.

நேரத்தைப் பொறுத்த கட்டணத்துக்கு மாறினால் வாரநாளில் இரவு 10 முதல் மறுநாள் மதியம் 2 வரை மலிவு, சனி ஞாயிறு முழுக்க மலிவு. வித்தியாசம் யூனிட்டுக்குச் சில சென்தான், பெரிதாக நம்பவேண்டாம்.

ரெலாவ்_அடுக்குமாடி:
காடியைப் பார்க்கப் போகும்போது லிஃப்டில் தூக்கச் சொல்லுங்கள் அண்ணே. பேட்டரித் தட்டு அடியில்தான் இருக்கிறது, மேட்டில் உரசிய கீறலா, நசுங்கலா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்காகச் செய்யும் புஸ்பாகோம் சோதனை பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. முடிந்தால் விற்கிறவரோடு 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஒரு தடவை ஏற்றி, எத்தனை யூனிட் உள்ளே போகிறது என்று பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

பிஎம்_செல்வா:
எல்லாருக்கும் நன்றி. லீஃப் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும். சனிக்கிழமை காலை ஜூரு அண்ணன் வீட்டுக்கு வந்து டிபி பெட்டியைப் பார்க்கிறார். ஞாயிறு டால்பினை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விற்கிறவர் ஒத்துக்கொண்டார். 20லிருந்து 100 வரை ஏற்றிக்காட்ட முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றார். மணியம் அண்ணே, 62,000க்கு இறங்கினால்தான் எடுப்பேன்.

பிறை_மணியம்:
62 இல்லை தம்பி, 58 கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் மைவி கியர்பாக்ஸுக்குப் பிறையில் எனக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது, ஞாயிறு மாலை என்னைக் கூப்பிடுங்கள்.