இத்தாலிய மொழியில் எச்சத்தின் பால்: ஃப்ரித்தோவா, ஃப்ரித்தேயா?

கேள்வி:
பொரித்த முட்டை ஒன்று என்றால் 'உவோவோ ஃப்ரித்தோ'. இரண்டு என்றால் 'துவே உவோவா ஃப்ரித்தே'. ஆண்பால் பன்மைக்கு 'ஃப்ரித்தி' தானே வரணும்? இன்னொன்று: 'மரியா ஆ கியூசோ லா போர்த்தா' (மரியா கதவை மூடினாள்). மரியாவும் பெண், போர்த்தாவும் பெண்பால். பிறகு ஏன் 'கியூசா' இல்லை?

பதில் 1:
எச்சம் ('ஃப்ரித்தே') சரியாகத்தான் இருக்கிறது, முட்டைதான் பால் மாறுகிறது. உவோவோ ஒருமையில் ஆண்பால், பன்மையில் பெண்பால். கையும் அப்படியே: 'பிராச்சோ ரொத்தோ' (முறிந்த கை), 'பிராச்சா ரொத்தே'.

எச்சத்தின் விகுதி ஆண்பாலுக்கு ஓ, பன்மையில் இ. பெண்பாலுக்கு ஆ, பன்மையில் ஏ. பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தை நம்ப வேண்டாம், முன்னால் நிற்கும் சார்படையைப் பாருங்கள்: 'இல்' ஆண்பால், 'லா' பெண்பால். 'இல் ப்ரொப்ளேமா ரிசொல்தோ' (தீர்ந்த பிரச்சினை), 'லா மானோ லவாத்தா' (கழுவிய கை).

பதில் 2:
கதவு விஷயம்: 'அவேரே' (உடைமை வினை, உங்கள் வாக்கியத்தில் 'ஆ') துணைவினையோடு வரும்போது எச்சம் பெயரடை இல்லை, வினையின் பகுதி. அதனால் ஓ-விலேயே நிற்கும். ஆனால் கதவுக்குப் பதில் 'அதை' என்ற சுட்டு வினைக்கு முன்னால் வந்துவிட்டால் கட்டாயம் இயையும்: 'மரியா லா கியூசா' ('லா' என்ற சுட்டும் 'ஆ'வும் சேர்ந்து 'லா'). இங்கே ஆ வருவது கதவுக்காக, மரியாவுக்காக அல்ல. 'எஸ்ஸெரே' (இரு என்ற வினை, கீழே 'எ') துணைவினையானால் எழுவாயைப் பார்த்து மாறும்: 'மரியா எ அந்தாத்தா' (மரியா போனாள்). கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் 'அந்தாத்தி'.

பதில் 3:
விகுதியைவிட நமக்கு அதிகம் தவறுவது வேறு இடம். தமிழில் 'மூடிய கதவு', 'கதவை மூடிய பெண்' இரண்டுக்கும் ஒரே பெயரெச்சம். இத்தாலியனில் 'கியூசா' மூடப்பட்ட பொருளுக்குத்தான். 'தொன்னா கியூசா' என்றால் மனம் திறந்து பேசாத பெண்! மூடியவளைச் சொல்ல 'கே' என்ற இணைப்புச் சொல் போட்டு வாக்கியமாக விரிக்கணும்: 'லா தொன்னா கே ஆ கியூசோ லா போர்த்தா'.

செயப்படுபொருள் இல்லாத வினையில் துணைவினையைப் பாருங்கள். விழுவதற்கு எஸ்ஸெரே, ஆகவே 'ஃபோல்யே கதூத்தே' (விழுந்த இலைகள்) சரி. தூங்குவதற்கு அவேரே, ஆகவே 'பம்பீனோ தொர்மீத்தோ' தவறு. 'பம்பீனோ கே ஆ தொர்மீத்தோ' (தூங்கிய குழந்தை) என்றே சொல்லணும்.

கேட்டவர்:
அப்படியானால் 'படித்த பெண்'?

பதில் 3:
'தொன்னா லெத்தா' என்று எழுதிவிடாதீர்கள், வாசிக்கப்பட்ட பெண் என்றாகிவிடும். 'தொன்னா இஸ்த்ருயீத்தா'. அந்த வினைக்குக் 'கல்வி புகட்டு' என்று பொருள், புகட்டப்பட்டவள் அவள்.