மேலத்தெரு வீடு (வாட்ஸ்அப் குழு)

கவிதா: பெரியப்பா அவசரம். மான்செஸ்டர் ஆபீஸ்ல நாளைக்கு மேனேஜருக்கு ஃபேர்வெல். கார்டுல "யூ வேர் ஆல்வேஸ் ஸோ அப்ஸீக்வியஸ் (obsequious)"னு எழுதிட்டேன். அகராதியில "மிகப் பணிவான"னு இருக்கு. சரிதானே?

பெரியப்பா: குடுத்துடாதேம்மா!! அது கூழைக்கும்பிடு.

அத்தை: ஐயோ

பெரியப்பா: லத்தீன் மூலத்துக்குப் "பின்தொடர்றது, இணங்கிப்போறது"ன்னு அர்த்தம். 1755ல வந்த ஜான்சனோட இங்கிலீஷ் அகராதியிலகூட "கீழ்ப்படியற, எதிர்க்காத"ன்னுதான் இருக்கு. இன்னைக்கு அது வசவு. காரியம் ஆகக் குழையறவனைத்தான் அப்படிச் சொல்வாங்க.

முரளி: அங்ச்சுவஸ் (unctuous) போடலாமா?

பெரியப்பா: அதுவும் வேண்டாம். தைலம் பூசறதுலேருந்து வந்த சொல். ஸ்மார்மின்னு (smarmy) இன்னொரு சொல்லும் அதே கதை, முடியை எண்ணெய் தடவிப் படிய வைக்கறது. நம்ம "வழியறான்" இல்லையா, அதேதான்.

அத்தை: கவி, சாம்பார்பொடி வந்துச்சா?

கவிதா: வந்துச்சு அத்தை

சித்தப்பா: பொலைட்னு போட்டு முடி

பெரியப்பா: தப்பில்ல, சப்புனு இருக்கும். சிவில் மட்டும் வேண்டாம். "ஹீ வாஸ் சிவில்"னா, பிடிக்காட்டியும் முகத்தை முறிக்கலைன்னு அர்த்தம். "பெயின்ஃபுலி பொலைட்"னா பக்கத்துல இருக்கறவங்களுக்கே சங்கடம். டெஃபரென்ஷியல் கீழேருந்து மேல போற மரியாதை, மேனேஜருக்கு ஒட்டாது. மேல இருக்கறவங்க இறங்கி வந்து நல்லா நடந்துக்கிட்டா கிரேஷியஸ். அதைப் போடு.

சித்தப்பா: கல்யாணப் பத்திரிகை இங்கிலீஷும் இவர்தான் திருத்தினார்

அத்தை: அதை இப்ப எதுக்குடா இழுக்கறே

முரளி: ஞாயிறு காதுகுத்துக்கு வேன் எத்தனை மணிக்கு?

அத்தை: 6

சித்தப்பா: 5.30ன்னு டிரைவர் சொன்னாரே

கவிதா: கிரேஷியஸ்னா ராணியம்மாவுக்கு எழுதற மாதிரி இருக்காம், பக்கத்து சீட்டுல சொல்றாங்க. கர்ட்டியஸ்?

பெரியப்பா: அது டிக்கெட் கவுண்டர்ல நல்லாப் பேசினவருக்குப் பொருந்தும். கூடவே வேலை பார்த்தவங்களுக்கு எழுதினா தள்ளி நிக்கற மாதிரி இருக்கும். அப்ப கைண்ட் போடு. அங்க பேச்சுல அதுதான் புழங்கும். என்ன செஞ்சாங்கன்னும் சேர்த்து எழுது: "யூ வேர் கைண்ட் டு மீ இன் மை ஃபர்ஸ்ட் வீக்".

கவிதா: பேனாவுல எழுதினதை அடிச்சுத் திருத்தட்டா?

பெரியப்பா: கூடாது. அடிச்சதைத்தான் முதல்ல படிப்பாங்க. வேற கார்டு வாங்கு.

முரளி: கிரேஷியஸ்தான் கெத்து

கவிதா: ரெண்டு கார்டா வாங்கிக்கறேன், காலையில பாத்துக்கலாம்

அத்தை: வேன் 6ஆ 5.30ஆ, யாராவது சொல்லுங்கப்பா