யன்னல் கண்ணாடியைக் கொத்துற தேன்சிட்டு: கூட்டை மாத்தலாமா?

கல்லடி வளவு:
விடிய ஆறு மணிக்குத் தொடங்கினா பத்து மணி மட்டும் ஒரு தேன்சிட்டு யன்னலையும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியையும் மாறி மாறிக் கொத்துது. கறுப்பு, வெயில் பட்டா ஊதாவா மினுங்கும். முற்றத்துச் செவ்வரத்தையில கூடும் இருக்கு. உள்ளுக்குத் திரை போட்டும் விடுகுதில்ல. கூட்டை வேற மரத்துக்கு மாத்தினா சரிவருமா?

வாவிக்கரை:
கூட்டில கை வைக்காதீங்க. மாத்தினா பேடு முட்டையை விட்டுட்டுப் போயிரும்.

ஊதாத் தேன்சிட்டு இலங்கையில சனவரிக்கும் யூனுக்கும் இடையிலதான் கூடு கட்டும். அந்த நாள்ல ஆண், கூட்டைச் சுத்தி வேற ஆணை அண்ட விடாது. உண்மையான குருவி எண்டா நாலு தரம் துரத்த விலகிப் போயிரும். கண்ணாடிக்குள்ள நிக்கிறது போகாதே. இது பாய அதுவும் பாயும். அதாலதான் மணிக்கணக்கா இழுபடுது.

உள்திரை போட்டா அறை இருண்டு, உருவம் இன்னும் துலக்கமாத் தெரியும். மறைக்கிறதை வெளிப்பக்கம் மறைக்கணும். சவர்க்காரத்தைத் தண்ணியில களியாக் குழைச்சு, உருவம் தெரியாத அளவுக்குக் கண்ணாடி முழுக்கப் பூசுங்க. மழை பெய்தா திரும்பப் பூசணும்.

தாழங்குடா:
யன்னலுக்கு வெளியால பழைய மீன்வலை கட்டினா என்ன? வீட்டில சும்மாதானே கிடக்கு.

வாவிக்கரை:
தங்கூசி வலை மட்டும் வேணாம். குருவிக்கு அது கண்ணுக்குத் தெரியாது, கால் சிக்கினா செத்திரும். நுளம்பு வலைச் சீலை நல்லம். கண்ணாடியில இருந்து 2, 3 அங்குலம் தள்ளி, தொய்யாம இழுத்துக் கட்டுங்க. ஒட்டிக் கட்டினா சீலைக்கு மேலாலயும் கொத்தும்.

அக்கரைப்பற்று:
மோட்டார் சைக்கிளுக்குப் பழைய சொக்ஸ் போதும். ரெண்டு கண்ணாடிக்கும் போடுங்க, ஒண்டை விட்டா அதுக்குப் போகும். ஓடும்போது கழட்ட மறக்காதீங்க! ரப்பர் பாம்பு, ஆந்தைப் படமெல்லாம் காசுக்கு நட்டம். ரெண்டு நாளில பழகிரும். மறுகா, யன்னலுக்கு நேரா அது வந்து குந்துற பூச்சட்டி, கொடிக்கம்பி இருந்தா தள்ளி வைங்க. கூடு இருக்கிற கொப்பை மட்டும் வெட்ட வேணாம்.

கல்லடி வளவு:
நன்றி. எவ்வளவு நாளைக்கு இப்பிடி மறைச்சு வைக்கிறது?

வாவிக்கரை:
பெரும்பாலும் ரெண்டு முட்டை. பேடு மட்டும்தான் அடைகாக்கும், 15 தொடக்கம் 17 நாள். குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு கிழமை போல. திரும்பவும் கூடு கட்டினா நீளும். சொண்டு நல்லா நீண்டு, வயிறு மண்ணிறமா இருந்தா அது வேற இனத் தேன்சிட்டு, வைத்தியம் ஒண்டுதான். ஊதா இனம் எண்டா, ஆணின்ட கறுப்பு உதிர்ந்து, மஞ்சள் வயித்தில நடுவால ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அப்ப சீலையைக் கழட்டலாம்.